முதுகில் ஊர் எழுதிய ஜேர்சி

ஹுனைஸின் வீட்டு முன்னறையில் மூன்று சுவர் மணிக்கூடுகள் தொங்கின. மூன்றும் மூன்று நேரம் காட்டும். ஒன்று வண்ணாத்திவில்லுவில் புதுவருட விளையாட்டு விழாவன்று சைக்கிள் ஓட்டத்தில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்தது. மற்றது மதுரங்குளியில் மரதன் ஓட்டத்துக்கு. மூன்றாவது எங்கே, எதற்குக் கிடைத்தது என்பது அவனுக்கே மறந்துவிட்டது. அலுமாரிக்கு மேலே பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கர் ஒன்றும், ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிய நான்கு பிளாஸ்டிக் வாளிகளும் இருந்தன. அவையும் ஓடி வென்றவைதான்.

"இவ்வளவு மணிக்கூடு இருந்தும், நேரம் பாக்க வேணுமெண்டா பள்ளி பாங்குக்குத்தான் காத்திருக்கணும்" என்று அவன் மனைவி ஸுல்பிகா வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். வென்றவன் மேல் அவளுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. தூசி தட்டுகிறவளும் அவள்தான்.

அவன் மீன் வியாபாரி. விடிந்ததும் களப்புக்கரைக்குப் போய் ஓரா, திரளி, மணலை என்று வந்ததை எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினால் வண்ணாத்திவில்லு கடந்து எலுவன்குளம் வரை போவான். முப்பது கிலோமீற்றருக்குக் குறையாது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்த மீன்காரர்கள் தார்வீதியோரத்து வீடுகளை எட்டு மணிக்கு முன்னமே முடித்துவிடுவார்கள். ஹுனைஸுக்கு மிஞ்சியது உள்பாதைகள். குளக்கட்டுகள், வயல் வரம்புகள், காட்டோரத்துக் கிரவல் பாதைகள், டயர் புதையும் மணல். வாய்க்கால் குறுக்கிட்டால் சைக்கிளைப் பெட்டியோடு தூக்கித் தோளில் வைத்துக் கடப்பான். அவனுடைய தொடைகள் இரண்டும் அந்த வியாபாரம் செய்து கொடுத்தவை.

ஓட்டம் மட்டும் அதற்கு முன்னமே வந்தது. ஏழு வயதில், தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் போக வைத்தபோது, உம்மாவோடும் வாப்பாவோடும் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியவன் அவன். பிறகு புத்தளத்துக்கு வெளியே ஓலைக் கொட்டில்களின் முகாம். அங்கே தண்ணீர் பவுசர் வண்டி வாரத்தில் மூன்று தரம் வரும். சந்தியில் அதன் சத்தம் கேட்டவுடன் ஓடிப்போய் முதல் பத்துப் பேருக்குள் கேனை வைக்காவிட்டால் அன்று குளிப்பில்லை. ஹுனைஸ் வெறுங்காலோடு சுடுமணலில் ஓடி எப்போதும் முதல் மூவருக்குள் வைப்பான். பின்னாளில் விளையாட்டு விழாக்களில் வெடிச் சத்தம் கேட்டு ஓட்டம் தொடங்கும்போதெல்லாம், முன்னால் ஒரு பவுசர் போகிறதென்றே அவன் கால்கள் நினைத்துக்கொள்ளும்.

முகாமில் பிள்ளைகள் அனைவரும் படித்த பாடம் இன்னொன்றும் இருந்தது. போம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்புவது. அந்தக் காலத்தில் யாராவது ஒருவர் நாளுக்கொரு போமோடு வந்துகொண்டே இருப்பார். நிவாரணத்துக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, கணக்கெடுப்புக்கு ஒன்று. எல்லாவற்றிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. பள்ளிவாசலில் கூடிப் பேசிப் பெரியவர்கள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். எவன் எந்தப் போம் கொண்டுவந்தாலும் நிரந்தரம் என்ற இடத்தில் மன்னாரை எழுத வேண்டும். இங்கத்து விலாசத்தை எழுதினால் அங்கே நம்முடைய பெயரை அழித்துவிடுவார்கள், காணியும் போய்விடும். உம்மா சித்தி மரியம் அதை மகனுக்குக் கலிமா சொல்லிக் கொடுப்பது போலவே சொல்லிக் கொடுத்தாள். காணி உறுதிப் பத்திரத்தை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தாள். ஊர், தெரு, வீட்டு இலக்கம் என்று அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த வீட்டில் இப்போது ஒரு சுவரும் இல்லை என்பது சண்டை ஓய்ந்து அவர்கள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எருக்கலையும் கிணற்றுக் கட்டும் மட்டும் நின்றன.

அதற்குப் பிறகும் போமில் எழுத்து மாறவில்லை. திரும்பிப் போகிறவர்களுக்கு வீடு கட்டித் தருவதாக அங்கே பதிவு நடந்தது. பதிவுக்கு அங்கே வோட் இருக்க வேண்டும் என்றார்கள். ஹுனைஸின் வோட்டும் உம்மாவின் வோட்டும் மன்னாரிலேயே இருந்தன. ஸுல்பிகா புத்தளத்துப் பக்கத்துக் கனமூலைக்காரி, அவளுடைய வோட் புத்தளத்தில். தேர்தல் நாளில் புருஷன் விடியற்காலை பஸ் ஏறி மன்னாருக்குப் போவான், பெண்டாட்டி கூப்பிடு தூரத்துப் பாடசாலைக்கு நடந்து போவாள். கனமூலையில் அவனை மருமகன் என்று சொல்லுகிறவர்கள் சிலர். மற்ற எல்லோருக்கும் அவன் "ஸுல்பிகாட மாப்புள, மன்னார் ஆள்." கோபம் வந்தால் மட்டும் "அகதி" என்பார்கள். கோபம் அடிக்கடி வராது.

இரண்டாயிரத்துப் பதினேழில் கொழும்புச் சைக்கிள் கழகமொன்று எலுவன்குளத்துக்கு ஒரு போட்டி கொண்டுவந்தது. மலைச் சைக்கிளில் முப்பத்து நான்கு கிலோமீற்றர், இறங்கிய கையோடு பத்துக் கிலோமீற்றர் ஓட்டம். புத்தளத்தில் தொடங்கிக் காட்டோரக் கிரவலால் போய், களப்புப் பக்கத்து மணல்பாதையால் திரும்பி, குளக்கட்டில் ஓடி எலுவன்குளம் பாடசாலை மைதானத்தில் முடியும். அதாவது ஹுனைஸ் பதினான்கு வருடமாக மீன் விற்கும் பாதை.

செய்தி கொண்டுவந்தவன் ஸுல்பிகாவின் தம்பி சியாம். இருபத்தைந்து வயது, உப்பளத்தில் வேலை. ஹுனைஸுக்குப் பின்னால் ஓடித்தான் ஓட்டம் பழகினான். வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் வருகிறார்கள், நாம் அவர்களை வெல்ல முடியாது, ஆனால் புத்தளம் மாவட்டத்தாருக்கென்று தனிப்பிரிவு ஒன்று இருக்கிறது, அதில் முதலாவது ஆள் நுவரெலியாவில் நடக்கும் அகில இலங்கைப் போட்டிக்கு மாவட்டத்தின் சார்பில் போவான் என்று சொன்னான். போனில் ஒரு படத்தையும் காட்டினான். நீல ஜேர்சி. முதுகுப் பக்கத்தில் மூன்று மொழியிலும் புத்தளம் என்று பெரிதாக எழுதியிருந்தது.

ஹுனைஸ் அந்தப் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தான். அன்று பின்னேரம் ஸுல்பிகாவிடம் மட்டும் சொன்னான், மணிக்கூடு இனி வேண்டாம், அந்தச் சட்டை ஒன்றுதான் வேண்டும் என்று. அவனுக்கு வயது முப்பத்து நான்கு. அடுத்த வருடம் முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது.

கப்பலில் வந்து இறங்கிய பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, செயினும் பிரேக்கும் மாற்றி, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன் சியாமையும் கூட்டிக்கொண்டு பாதையைப் பழகினான். மற்ற நாட்களில் மீன் பெட்டிதான் பயிற்சி. திரும்பி வரும்போது வெறும் பெட்டியில் ஈர மணலை நிரப்பிக்கொண்டு வருவான். எலுவன்குளத்து ஆட்கள், மீன்காரன் மணலும் விற்கத் தொடங்கிவிட்டான் என்று சிங்களத்தில் பகிடி பண்ணினார்கள்.

சியாமுக்கு அவன் சொல்லிக் கொடுத்தவற்றில் முக்கியமானது காற்று. கிரவலில் டயர் கல்லாக இருக்க வேண்டும். ஆனால் களப்பு மணல் தொடங்குகிற இடத்தில், அந்தப் பாலை மரத்தடியில், இறங்கி நின்று வால்வைத் திறந்து காற்றை விட்டுவிட வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் பழுத்த கொய்யாப்பழம் போல அமுங்க வேண்டும். அப்போதுதான் டயர் மணலுக்குமேல் படுத்துப் போகும். கொழும்புக்காரர்களுக்கும் இது தெரியாமல் இருக்காது, ஆனால் போட்டியில் நிற்க மனம் வராது என்றான் ஹுனைஸ். நிற்கிற அரை நிமிடம் வீண் என்று தோன்றும். மீன் விற்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும், நிற்காமல் போனால் பிறகு கால் கிலோமீற்றர் இறங்கித் தள்ள வேண்டும் என்று.

போட்டிக்கு முதல்நாள் புத்தளத்தில் பெயர் பதிந்தார்கள். கூடாரத்துக்குள் மேசை. மேசையில் கழகத்தின் செயலாளர் சாள்ஸ். சிலாபத்துக்காரர், தமிழும் சிங்களமும் கலந்து கலந்து பேசுவார், நல்ல மனிதர். வரிசை நீளமாக இருந்தது. ஹுனைஸ் ஐஸ் கரையப் போகிறதே என்ற அவசரத்தில், மீன் மணக்கும் கையோடு வந்து போமை வாங்கினான். பெயர், வயது, இரத்த வகை. அதன் கீழே ஒரே ஒரு கோடு, "நிரந்தர முகவரி" என்று. தற்காலிக முகவரிக்கு அந்தப் போமில் இடமே இல்லை. அவன் யோசிக்கவில்லை. இருபத்தேழு வருடமாக ஓடிப் பழகிய கை தானாகவே ஓடியது. வீட்டு இலக்கம், தெரு, ஊர், மன்னார். கையெழுத்து. காலில் கட்டும், நேரம் கணிக்கும் கறுப்புப் பட்டியும் நெஞ்சில் குத்தும் இலக்கமும் வாங்கிக்கொண்டு மீனிடம் ஓடினான்.

செப்டெம்பர் மாதம், சோளகக் காற்று இன்னும் விடவில்லை. காலை ஆறரைக்கு வெடி வெடித்தது. நூற்றிருபது பேர். முதல் பத்துக் கிலோமீற்றரில் கொழும்புக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஒருவர் பின்னால் ஒருவர் காற்றுக்கு ஒளிந்து, பறந்து போய்விட்டார்கள். பின்பாரம் இல்லாத சைக்கிள் ஹுனைஸுக்குக் கடதாசி போல் இருந்தது. கிரவலில் துள்ளியது. ஹேண்டிலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வொரு மதகையும் ஒவ்வொரு வாடிக்கை வீட்டையும் எண்ணிக்கொண்டு போனான். காட்டோரத்தில் சியாம் அவனோடு ஒட்டி வந்தான். மாவட்டப் பிரிவில் அவர்கள் இருவருக்கும் முன்னால் யாரும் இல்லை.

பாலை மரத்தடியில் ஹுனைஸ் இறங்கி நின்று காற்றை விட்டான். சியாமும் இறங்கினான். அந்த நேரத்தில் ஆறேழு பேர் அவர்களைக் கடந்து போனார்கள். ஒருவன் டயர் வெடித்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனான். நூறு யார் தாண்டி அந்த ஆறேழு பேரும், அவர்களுக்கு முன் போன பதினைந்து பேரும், கணுக்கால் வரை மணலில் நின்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹுனைஸ் அவர்களுக்கு நடுவால் சத்தமில்லாமல் மிதித்துப் போனான். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல கால்மணி நேரம் இருந்ததா என்பது சந்தேகம்.

ஓட்டத்தில் சியாம் பின்தங்கிவிட்டான். குளக்கட்டின் மேல் வெயில் ஏறியிருந்தது. மைதானத்துக்கு வெளியே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அலீமா, கையில் கேத்தலோடு வீதிக்கு வந்து, "மீன்கார நானா வாறாரு, மீன்கார நானா வாறாரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். மொத்தத்தில் அவன் ஐந்தாவது. மாவட்டத்தில் முதலாவது. இரண்டாவதாக வந்த சியாமுக்கும் அவனுக்கும் இடையில் நான்கு நிமிடம்.

பரிசளிப்பில் மாவட்டப் பிரிவின் முதலாவது பெயராகச் சியாமின் பெயரை வாசித்தார்கள்.

ஹுனைஸ் முதலில் அது பிழையாக வாசித்தது என்றுதான் நினைத்தான். சியாமும் அப்படித்தான் நினைத்திருப்பான், திரும்பி மச்சானைப் பார்த்தான். இருவரும் மேசைக்குப் போனார்கள். நீல ஜேர்சி மடித்து மேசைமேல் கிடந்தது. சாள்ஸ் கட்டைப் புரட்டி ஹுனைஸின் போமை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்கட எழுத்துதானே?"

"ஓம்."

"மன்னார் எண்டு போட்டிருக்கிறீங்க."

"அது நிரந்தர விலாசம், சேர்."

"அப்ப புத்தளம்?"

"அது தற்காலிகம்."

"எவ்வளவு காலமா?"

"இருபத்தேழு வருசம்."

சாள்ஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அது சங்கடமாக இருந்தது தெரிந்தது. போமின்படி ஆளை எந்த ஊர்க்காரருக்குமான திறந்த பிரிவில் போட்டிருப்பதாகவும், அதில் ஐந்தாவது இடத்துக்குப் பரிசு இல்லை என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்ற சியாமைப் பார்த்து, இவரைத் தெரியுமா என்று கேட்டார்.

"என்ட மச்சான். ராத்தாட மாப்புள."

"ஆளு எந்த ஊரு?"

சியாம் ஜேர்சியைப் பார்த்தான். அது ஒரு நொடிதான்.

"மன்னார் ஆள்" என்றான்.

அதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணத்தன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஹுனைஸைப் பற்றிச் சொல்லி வந்த வார்த்தைதான் அது. அன்றைக்கு மட்டும் அவன் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாள்ஸ் ஒரு வழி சொன்னார். புத்தளத்தில் நிரந்தரமாக வசிப்பவர் என்று கிராம சேவகரிடமிருந்து ஒரு கடிதம். அடுத்த திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்தால் முடிவை மாற்றலாம், அதுவரைக்கும் ஜேர்சி மேசை லாச்சிக்குள் இருக்கும். ஒரு கடிதம், அவ்வளவுதான் என்று ஹுனைஸின் கையைப் பிடித்துச் சொன்னார்.

கிராம சேவகர் ஒரு சிங்களப் பெண். அவன் வீட்டிலிருந்து நான்காவது ஒழுங்கையில் அலுவலகம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவனிடம் மீன் வாங்குகிறவள், அவன் இங்கேதான் இருக்கிறான் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் வோட் பட்டியலைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். கடிதம் எழுதத் தனக்கு ஒரு தடையும் இல்லை என்றாள். ஆனால் எழுதினால் அவனுடைய பெயரை இங்கே சேர்க்க வேண்டும், இங்கே சேர்ப்பதானால் அங்கே வெட்டச் சொல்லி மன்னாருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு இடம்தான் எழுதலாம். வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வா என்றாள், திங்கட்கிழமைக்கு முன் எந்த நேரமும் எழுதித் தருகிறேன் என்றாள். எல்லாவற்றையும் அன்பாகத்தான் சொன்னாள்.

மன்னாரில் வீட்டுப் பட்டியல் சரிபார்ப்பு அடுத்த மாதம். உம்மாவின் பெயரும் அவன் பெயரும் ஒரே குடும்பமாக அதில் இருந்தன. அவன் பெயர் வெட்டுப்பட்டால் எழுபத்து மூன்று வயதுக் கிழவி ஒருத்தி தனி ஆள் குடும்பமாக நிற்பாள், அவளுக்கு யார் வீடு கட்டித் தருவார்கள்?

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் முன்னறையில் இருந்தார்கள். உம்மா கதிரையில், பிஸ்கட் டின் மடியில். யாரும் அதை எடுத்துவரச் சொல்லவில்லை.

"ஒரு சட்டைக்காகவா மகன்?" என்றாள்.

"சட்ட இல்ல உம்மா" என்றான் ஹுனைஸ்.

ஸுல்பிகா அதுவரை கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மாமியோடு அவள் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல.

"மாமி, நான் பதினொரு வருசமா இவரோட இந்த வீட்டுல குடும்பம் நடத்திறன். ரெண்டு புள்ளைகள். பேப்பர்ல பாத்தா இவரு இங்க இல்ல. அப்ப நான் ஆரோட இரிக்கிறன்? ஒரு கடிதம்தானே, எழுதி எடுக்கட்டும்."

உம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகனிடமே சொன்னாள்.

"உங்க வாப்பாட கபுறு இங்க இரிக்கி. அதுக்கு நான் ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சி. என்ட கபுறாவது ஊருல இரிக்கட்டும்."

கபுறுக் குழியைப் பற்றிய அந்த வசனத்தை அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அதோடு பேச்சு முடிந்துவிடும். ஸுல்பிகா உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். மூன்று மணிக்கூடுகளும் டிக் டிக் என்று வெவ்வேறாக அடித்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை காலை ஹுனைஸ் வழமை போல மீனோடு நான்காவது ஒழுங்கையால் போனான். கிராம சேவகர் தட்டோடு வெளியே வந்தாள். அரைக் கிலோ ஓரா நிறுத்துக் கொடுத்தான். அவள் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். அவன் கடிதத்தைக் கேட்கவில்லை. ஹோர்னை அமத்திக்கொண்டு வண்ணாத்திவில்லுப் பக்கம் மிதித்துப் போனான்.

ஜேர்சி சியாமுக்குப் போனது. இரண்டு கிழமை கழித்து அவன் ராத்தா வீட்டுக்கு வந்தான், கையில் ஆப்பிள் பை. வெகுநேரம் பிள்ளைகளோடு விளையாடினான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினான்.

"நான் பொய் செல்லல்லயே மச்சான்."

"ஓம். நீ பொய் செல்லல்ல."

ஸுல்பிகா ஆப்பிள்களைக் கழுவாமலே ஒரு மூலையில் வைத்துவிட்டாள். பிள்ளைகள்தான் எடுத்துத் தின்றார்கள். சியாம் நுவரெலியாவில் அறுபத்து மூன்றாவதாக வந்தான். அங்கே மணல் இல்லை, எல்லாம் சேறும் ஏற்றமும் என்றானாம். அதற்குப் பிறகு நீல ஜேர்சி அவன் வீட்டுக் கொடியில் அடிக்கடி காயும். களப்புக்கரைக்குப் போகிற வழியில், முதுகுப் பக்கம் வீதியைப் பார்க்க. ஹுனைஸ் மீன் கொண்டு போகும் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றினால் அரை மைல் கூட.

மன்னாரில் சரிபார்ப்பு நடந்தது. அவன் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, உம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய், எருக்கலைக்கு நடுவே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தான், உத்தியோகத்தர் வரும்போது ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக. பக்கத்தில் திரும்பி வந்து கொட்டில் போட்டிருந்த ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டு, "புத்தளத்து ஆக்கள் இண்டைக்கு வந்திரிக்காங்க" என்று தன் வீட்டுக்குள் சொன்னது தெளிவாகக் கேட்டது. பட்டியல் வந்தபோது அவர்கள் பெயர் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. முதலாம் கட்டமே இன்னும் தொடங்கவில்லை.

டிசெம்பர் மழையில் உம்மா சித்தி மரியம் மௌத்தானாள். சுபஹ் தொழுது, முசல்லா விரிப்பில் இருந்தபடியே. அந்தக் கிழமை முழுவதும் பெய்த மழையில் மன்னாருக்குப் போகும் காட்டுப் பாதை வெள்ளத்தால் மூடிக் கிடந்தது. வவுனியாவால் சுற்றிப் போகலாம் என்று ஹுனைஸ் வேன் பார்க்க ஓடினான். பள்ளிவாசலில் இருந்தவர்கள், மய்யித்தை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்குள் அலைவது சரியில்லை, வாப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். அஸருக்கு முன்னால் அடக்கிவிட்டார்கள். சியாமும் சந்தூக்கின் ஒரு பக்கத்தைத் தோளில் எடுத்தான்.

மரணத்தைப் பதிய ஒரு போம் இருந்தது. காலமானவரின் நிரந்தர முகவரி என்று அதிலும் ஒரு கோடு. ஹுனைஸ் பேனாவை வாங்கினான். பிறகு வீட்டு இலக்கம், தெரு, ஊர், மன்னார் என்று எழுதினான். வேறு எதையும் எழுத அவனுக்கு வரவில்லை.

அடுத்த செப்டெம்பரிலும் போட்டி வந்தது. ஸுல்பிகா, இப்போதாவது விலாசத்தை மாற்று, இனி யாருக்காக என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் இரண்டாம் கட்டப் பட்டியலில் உம்மாவின் பெயரை வெட்டி அவனை மட்டும் வைத்திருந்தார்கள், இப்போது அவனும் வெட்டுப்பட்டால் அந்த வரியில் யாரும் இல்லை. அவன் மேசைக்குப் போய் வழமையான விலாசத்தையே எழுதினான். சாள்ஸ் அதை வாசித்துவிட்டுத் திறந்த பிரிவின் இலக்கத்தைக் கொடுத்தார்.

பாலை மரத்தடியில் இந்தமுறை பத்துப் பன்னிரண்டு பேர் நின்று காற்று விட்டார்கள். இந்த இடத்தில் நின்றால்தான் முந்தலாம் என்ற விஷயம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. யார் மூலம் போயிருக்கும் என்பதை ஹுனைஸ் யோசிக்கவில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. மணலில் அவனைக் கடந்து போனவர்களில் ஒருவனுடைய முதுகில் நீலத்தில் வெள்ளையாக, மூன்று மொழியிலும், புத்தளம் என்று எழுதியிருந்தது. குளக்கட்டில் அவனுடைய வலது முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது. பத்தொன்பதாவதாக வந்தான்.

கோட்டைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் ஒவ்வொருவருடைய பெயரையும் ஊரையும் வாசித்தார்கள். கண்டி, நீர்கொழும்பு, கொழும்பு என்ற வரிசையில், "மன்னார், ஹுனைஸ்" என்று வந்தது. வேலியோரம் நின்ற எலுவன்குளத்து ஆட்கள் வெளியூர்க்காரருக்குத் தட்டும் கையைத் தட்டினார்கள்.

அவன் நொண்டி நொண்டி அலீமாவின் கடைக்குப் போய் வாங்கில் உட்கார்ந்தான். அவள் பிளேன் டீ ஊற்றி, சீனித் துண்டோடு கொண்டுவந்து வைத்தாள். பதினைந்து வருடமாக அவனிடம் மீன் வாங்குகிறவள், போன வியாழக்கிழமைகூட மணலை மீன் வாங்கினாள். முகத்தில் உண்மையாகவே ஒரு கவலை.

"நானா, மன்னாருக்குப் போயிட்டீங்களா? எங்களுக்கு ஒரு கத செல்லல்லயே. எப்ப போனீங்க?"

ஹுனைஸ் டீயை ஒரு மிடறு குடித்தான். காலிலிருந்த கறுப்புப் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"போகல்ல" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.